பத்து நாளில் இலங்கை: சாலைப் பயணத்துக்கு ஒரு திட்டம்

இலங்கையைக் காரில் சுற்றிவரத் திட்டமிடும் பலரும் முதலில் ஏமாறுவது வரைபடத்தைப் பார்த்துத்தான். தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு ஏறத்தாழ 435 கிலோமீட்டர், அகலம் மிஞ்சிப்போனால் 225. ராத்திரி சென்னையில் ஏறி விடியலில் மதுரையில் இறங்கிப் பழகியவருக்கு இது பெரிய தூரமாகவே தெரியாது. உடனே யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, கதிர்காமம், காலி, கொழும்பு, கண்டி, நுவரெலியா, அனுராதபுரம், மன்னார் என்று பத்து ஊரைப் பத்து நாளில் கோத்து ஒரு வட்டம் போட்டுவிடுகிறார்கள்.

அந்த வட்டத்தை முடிக்கலாம். ஆனால் முடித்தவர் கண்டது பெரும்பாலும் வண்டி ஜன்னலுக்கு வெளியே ஓடிய இலங்கையாகத்தான் இருக்கும். பத்து நாள் இருந்தால் தீவை ஒருமுறை குறுக்காகக் கடக்கலாம், சுற்ற முடியாது. வடக்கில் இறங்கி, நடுவில் மலையேறி, தெற்கில் முடியும் ஒரு வழியை இந்த அத்தியாயம் தருகிறது. எதை விட வேண்டும், ஏன் விட வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறது.

மணிக் கணக்கில் திட்டமிடுங்கள்

கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர். காகிதத்தில் ஒன்றரை மணி நேரம். சாலையில் மூன்று மணி நேரம்.

அது ஏன் என்று ஒரு முறை மனத்தால் ஓட்டிப் பாருங்கள். பேராதனையில் ஏ-5 சாலையைப் பிடிக்கிறீர்கள். கம்பளை வரை பெரும்பாலும் மட்டமான தரை என்றாலும் ஊருக்கு ஊர் கடைவீதி, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம். புசல்லாவையை நெருங்கும்போது சாலை ஏறத் தொடங்குகிறது. எதிரே நுவரெலியாவிலிருந்து கரட்டும் கோவா எனப்படும் முட்டைக்கோசும் லீக்ஸும் ஏற்றிய லாரிகள் மெல்ல இறங்குகின்றன. உங்களுக்கு முன்னால் ஒரு சிவப்பு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பேருந்து, தோட்டத் தொழிலாளர்களை ஏற்றவும் இறக்கவும் வளைவுக்கு வளைவு நிற்கிறது. அதை முந்த வேண்டுமென்றால் நூறு மீட்டர் நேர்ச்சாலை வேண்டும். அது கிடைக்கப் பத்து நிமிடம் ஆகும். இறம்பொடையில் அருவி. யாரும் நிற்காமல் போவதில்லை. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள், லபுக்கலைத் தேயிலைத் தோட்டம், அங்கே ஒரு தேநீர். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மணி நேரம் என்பது எல்லாம் நல்லபடியாக நடந்தால்தான்.

இலங்கைச் சாலைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் கணக்கு எளிது. மலைநாட்டில் மணிக்கு 25 கிலோமீட்டர். சமவெளியில், ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் மேற்கிலும் தெற்கிலும் 35. வவுனியாவுக்கு வடக்கே ஏ-9 போன்ற அகலமான, ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் 50. அங்கே சாலை நேராக இருக்கிறதே என்று மிதித்துவிடவும் முடியாது. ஊருக்கு வெளியே காருக்கு 70, ஊருக்குள் 50 என்பதுதான் வேக வரம்பு. வேகமானியோடு போலீசார் மர நிழலில் நிற்பார்கள். அதிவேகப் பாதைகளில் மட்டும் 100 வரை போகலாம். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தோடு மலையில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். சில இடங்களில் அது தோட்டச் சாலையைக் குறுக்குவழி என்று காட்டும். அதை நம்பிப் போகாதீர்கள். ஏ, பி என்று எண் போட்ட சாலைகளிலேயே இருங்கள்.

இன்னொரு கணக்கு வெளிச்சத்தைப் பற்றியது. தீவு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் காலை ஆறு மணியை ஒட்டி விடிந்து, மாலை ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். இருட்டிய பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்பதை இந்தப் பயணத்தின் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். விளக்கில்லாத சைக்கிள்கள், பின்விளக்கு இல்லாமல் ஊரும் லேண்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு வண்டிகள், சாலையிலேயே படுத்திருக்கும் மாடுகள், வடமத்தியிலும் கிழக்கிலும் காட்டு யானைகள். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் சாப்பாடு, ஓய்வு, பார்க்க வேண்டிய இடம் எல்லாம் போக நான்கு மணி நேரம்தான் சாலைக்கு. இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அந்த எல்லையைத் தாண்டுகிறது.

வந்த வழியே திரும்பாதீர்கள்

கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணம் போய்த் திரும்புவதென்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள். ஒரு வழிக்கு 400 கிலோமீட்டர். பத்தில் இரண்டு நாள் அதிலேயே போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. பலாலியில் இருக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமானது; கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2022 டிசம்பரில் சென்னை விமானம் மறுபடி வரத் தொடங்கியது. சின்ன விமானங்கள் என்பதால் பெட்டியின் எடை வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்குக் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம். அங்கிருந்து சென்னை, திருச்சி, மதுரை மூன்றுக்கும் விமானம் உண்டு.

இதைத் தலைகீழாகச் செய்யலாமா என்று கேட்பார்கள். கூடாது. யாழ்ப்பாணத்துக்கு விமானங்கள் குறைவு. கடைசி நாளில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று காத்திருக்க வேண்டும். கட்டுநாயக்கவுக்கோ தெற்கிலிருந்து அதிவேகப் பாதை வாசல் வரை வருகிறது. நேரம் சொன்னால் சொன்னபடி போய்ச் சேரலாம். நிச்சயமில்லாததை முதலிலும் நிச்சயமானதைக் கடைசியிலும் வையுங்கள்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பலும் இருக்கிறது. கடல் வழியே அந்த மண்ணில் கால் வைப்பதில் தனி நிறைவு உண்டு. ஆனால் கடல் கொந்தளித்தால் கப்பல் போகாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம்பவே முடியாது. கையில் இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் மட்டும் கப்பலைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த மாதம்

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தெற்குக் கரையும் மலையின் மேற்குச் சரிவும் நனையும், கிழக்கு காய்ந்திருக்கும். நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. திருகோணமலையும் யாழ்ப்பாணமும் நனையும். நம் வழி இரண்டு பக்கத்தையும் தொடுகிறது. ஆகவே பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரைதான் முதல் தரமான காலம். அடுத்த வாய்ப்பு ஜூலையும் ஆகஸ்டும். மலையில் மழை உண்டு, கிழக்கில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் இந்தப் பயணம் வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டில் பல இடங்களில் நிலச்சரிவை உண்டாக்கிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. சாலைகளும் மலை ரயில் பாதையும் பெரும் சேதமடைந்தன. எந்த மாதமானாலும், அறை பதிவு செய்வதற்கு முன் மலைச் சாலைகளும் ரயிலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அங்கே இருப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

நாள்காட்டியில் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். ஏப்ரல் 13, 14 சித்திரைப் புத்தாண்டு. அதை ஒட்டிய நாட்களில் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும், கடைகள் மூடியிருக்கும், நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் என்பதால் அறை கிடைக்காது. ஆகஸ்டை ஒட்டி நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள்; அதை நோக்கியே போகிறவருக்குப் பெரும் பேறு, மற்றவர்கள் யாழ்ப்பாண அறையை மாதங்களுக்கு முன்பே பிடிக்க வேண்டும். கண்டியின் பெரஹரா ஊர்வலமும் அதை ஒட்டிய காலத்தில்தான் வரும். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. கோயில், விகாரை உள்ள ஊர்களின் சாலைகள் அன்று நெரியும்.

வழி

முதல் நாள் பலாலியில் இறங்கி யாழ்ப்பாணம் நகருக்கு வர அரை மணி நேரம் போதும். அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலை நல்லூர்ப் பூசை. அந்தக் கோயிலில் பூசைகள் கடிகாரம் பார்த்தது போல நடக்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இரண்டாம் நாள் நயினாதீவு. பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல்; நடுவே ஒரு கோடு போல சாலை. வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்கு ஒரு மணி நேரம். காலை எட்டு மணிக்கெல்லாம் துறையில் இருந்தால் வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் படகேறிவிடலாம். படகுப் பயணம் கால் மணி, இருபது நிமிடம். பெரிய படகுகளில் கீழ்த்தளத்துக்குள் குனிந்து இறங்கி நெருக்கி உட்கார வேண்டியிருக்கும். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மேலேயே நிற்பதாகச் சொல்லிவிடுங்கள், உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துறையில் இறங்கினால் நாகபூசணி அம்மன் கோயில்; சற்று நடந்தால் நாகதீப விகாரை. தமிழரும் சிங்களவரும் ஒரே படகில் வந்து, ஒரே மணலில் பிரிந்து, அதே படகில் திரும்புவதை அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தாலே பார்க்கலாம். மத்தியானம் அம்மன் கோயிலில் அன்னதானம் உண்டு. திரும்பி வந்து, 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகத்தையும் பக்கத்திலேயே கோட்டையையும் பாருங்கள். நெடுந்தீவையும் இதே நாளில் சேர்க்க ஆசை வரும். அதற்குப் படகில் ஒரு மணி நேரம் போக வேண்டும். ஒரே நாளில் இரண்டும் போனால் இரண்டையும் பார்த்ததாகாது.

மூன்றாம் நாள்தான் நீளமான நாள்: யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை, 230 கிலோமீட்டருக்கு மேல், ஐந்து மணி நேரம். காலை ஏழுக்குக் கிளம்பிவிடுங்கள். ஏ-9 வழியே ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம். இந்தச் சாலை 1990 முதல் 2002 வரையும், மறுபடி 2006 முதல் 2009 வரையும் மூடிக் கிடந்தது. இன்றைக்குத் தாராளமாக ஓட்டிப் போகிற ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு தலைமுறையின் இடப்பெயர்வு இருக்கிறது. ஆனையிறவில் இறங்கி, உப்பளத்தையும் இரண்டு பக்கத்து நீரையும் பார்க்காமல் போகாதீர்கள். வவுனியாவில் சைவக் கடை ஒன்றில் மத்தியானச் சாப்பாடு. அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகக் கிழக்கே திரும்பினால் மூன்று மணிக்குள் திருகோணமலை. ஆளற்ற காட்டுப் பகுதிகள் வருவதால் தண்ணீரும் எரிபொருளும் வவுனியாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மாலை கோணேசர் கோயில். பிரெடரிக் கோட்டைக்குள் மான்கள் உலவும் வழியாகப் பாறை உச்சிக்கு ஏற வேண்டும்; சம்பந்தர் பாடிய தலம்.

நான்காம் நாள் காலையை ஒரே ஒரு விஷயத்துக்குக் கொடுங்கள்: நிலாவெளிக் கடல், அல்லது ஏழு கிணறுகள் உள்ள கன்னியா வெந்நீரூற்று. மத்தியானம் கந்தளாய் வழியாக ஹபரணைக்குக் கிளம்புங்கள். 85 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இந்தச் சாலையில் மாலை நேரத்தில் யானைகள் குறுக்கே வரும் என்பதால் ஐந்து மணிக்குள் அறைக்குப் போய்விட வேண்டும். சாலையோரம் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், பழம் கொடுக்காதீர்கள். மனிதர் கையால் தின்று பழகிய யானைதான் அடுத்த வண்டியின் கண்ணாடியை உடைக்கிறது.

ஹபரணையிலோ சிகிரியாவிலோ இரண்டு இரவு. ஐந்தாம் நாள், கதவு திறக்கும் நேரத்துக்கே சிகிரியா வாசலில் நில்லுங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய பாறைக் கோட்டைக்கு ஏறத்தாழ 1200 படிகள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கும். சுருள் படிக்கட்டில் முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் இருக்கும் எல்லோரும் வெயிலில் நிற்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் சிங்கப் பாதங்கள் இருக்கும் மேடையோடு திரும்பலாம். அதுவரை பார்த்ததே நிறைவாக இருக்கும். சார்க் நாட்டவர்க்குத் தொல்லியல் இடங்களில் சலுகைக் கட்டணம் உண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் தூங்கிவிட்டு மூன்று மணிக்குப் பொலன்னறுவை. சோழர் 993-இல் அனுராதபுரத்தைப் பிடித்த பின் ஜனநாதமங்கலம் என்று பெயர் சூட்டி ஆண்ட தலைநகர் இது. இங்கே இரண்டாம் சிவாலயம் என்று எண் போட்டிருக்கும் சிறு கற்கோயிலைத் தேடிப் போங்கள். வானவன் மாதேவி ஈஸ்வரம் என்று கல்வெட்டில் பெயர் உள்ள பதினோராம் நூற்றாண்டுக் கோயில். பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் அதன் முன் ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. தஞ்சைப் பக்கத்துக் கற்கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த விமானமும் அந்தச் சுவர் மாடங்களும் அறிமுகமானவையாக இருக்கும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இருட்டுவதற்குள் ஹபரணைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் மற்ற இடிபாடுகளில் கல் விகாரையை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆறாம் நாள் தம்புள்ளைக் குகைக் கோயில் பார்த்து, மாத்தளை வழியாகக் கண்டி. மாத்தளைச் சாலையில் வரிசையாக மசாலாத் தோட்டங்கள் வரும். பெரும்பாலானவை விற்பனைக்கானவை, ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். முத்துமாரியம்மன் கோயிலில் நின்றுவிட்டு நேரே போங்கள். இலங்கைப் பள்ளிகள் மத்தியானம் ஒன்றரைக்கு விடும். கண்டிக்குள் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையே நுழைந்தால் ஏரியைச் சுற்றவே முக்கால் மணி ஆகும் என்பதால் அதற்கு முன்போ பின்போ நுழையுங்கள். மாலை ஆறரைப் பூசைக்கு, புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை.

ஏழாம் நாள் நுவரெலியா. முன்பே சொன்ன மூன்று மணி நேரச் சாலை. காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் மேலே. மிச்ச நேரம் ஓய்வு. 1868 மீட்டர் உயரம் என்பதால் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். எட்டாம் நாள், ரயில் ஓடினால், நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயிலில் போங்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரம். பெட்டிகளோடு வண்டி சாலை வழியாக எல்லவுக்கு வந்து காத்திருக்கும். கண்டியிலிருந்தே ரயில் ஏறினால் ஆறு, ஏழு மணி நேரம் ஆகும். அழகான பகுதியில் பெரும்பங்கு நானுஓயாவுக்குப் பிறகுதான் என்பதால் அந்தத் துண்டே போதும். 1921-இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தை மாலையில் நடந்துபோய்ப் பார்க்கலாம். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். அது ரயில் ஓடுகிற பாதை.

ஒன்பதாம் நாள் எல்லவிலிருந்து வெல்லவாய, தனமல்வில வழியாக மலையிறங்கி, அம்பாந்தோட்டையில் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடிக்க வேண்டும். மாத்தறையிலிருந்து அம்பாந்தோட்டை வரை அதை 2020-இல் நீட்டியதுதான் இந்தத் திட்டத்தையே சாத்தியமாக்குகிறது. அதற்கு முன் கடற்கரைச் சாலையில் ஊர் ஊராக ஊர்ந்து போக வேண்டும். நான்கு மணி நேரத்தில் காலி. மாலை கோட்டை மதில்மேல் நடை. பத்தாம் நாள் காலியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு அதிவேகப் பாதைகள் ஒன்றோடொன்று சேர்வதால் கொழும்பு நகருக்குள் நுழையாமலே இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆகவே மாலை விமானம் எடுங்கள்.

நாள் குறைந்தால்

இந்தத் திட்டத்தில் ஒரே இரவு தங்கும் ஊர்கள் ஐந்து. தினமும் பெட்டி கட்டுவது வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும் அலுப்பு. அவர்கள் கூட வந்தால் எல்லவையும் காலியையும் விட்டுவிட்டு நுவரெலியாவில் இரண்டு இரவு தங்குங்கள். கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில். ஏழு நாள்தான் என்றால் கண்டியோடு முடித்துக்கொண்டு நேரே கட்டுநாயக்க போகலாம். மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்து நாள் என்றால் யாழ்ப்பாணமும் திருகோணமலையும் ஹபரணையும் மட்டும். கடைசி நாளை முழுக்க விமான நிலையத்துக்கு இறங்கும் சாலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர்காமத்தை விட மனமில்லாதவர்கள் காலிக்குப் பதிலாக அங்கே ஓர் இரவு தங்கலாம். எல்லவிலிருந்து இரண்டரை மணி நேரம், மாலைப் பூசை கிடைக்கும். மறுநாள் அதிவேகப் பாதையில் நேரே விமான நிலையம். அதோடு யால வனத்தையும் சேர்க்காதீர்கள். வன உலா அதிகாலையில் அரை நாளைக் கேட்கும். மட்டக்களப்பு, அறுகம்பை, அனுராதபுரம், மன்னார், திருக்கேதீச்சரம் எதுவும் இந்தத் திட்டத்தில் இல்லை. அவை முக்கியமில்லை என்பதால் விடவில்லை. ஒவ்வொன்றும் ஒரு முழு நாளுக்குத் தகுதியானவை, நம்மிடம் அந்த நாள் இல்லை. மன்னாரும் மட்டக்களப்பும் சேர்ந்தால் அடுத்த முறைக்கு ஒரு நல்ல பயணம் இருக்கிறது.

வண்டியும் சாரதியும்

நீங்களே ஓட்டலாம், நம்மைப் போலவே இடப்பக்கப் போக்குவரத்துதான். ஆனால் இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது. இலங்கையில் அதற்கு முறையான ஏற்போ தற்காலிக உரிமமோ வாங்க வேண்டும். வந்து இறங்கியபின் தேடாமல், வண்டி கொடுப்பவரிடமே முன்னதாகக் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று: பாதசாரி கடக்கும் கோட்டில் ஒருவர் கால் வைத்தால் அங்கே எல்லா வண்டியும் நிற்கும். நம் ஊர் வழக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடாதீர்கள். அவர் நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பித்தான் இறங்குகிறார்.

என் பரிந்துரை சாரதியோடு வண்டி எடுப்பது. மலைச் சாலையில் வெளியே பார்க்க வேண்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் ஏறிக் கட்டுநாயக்கவில் இறங்குவதால் வண்டி ஒரு பக்கம் காலியாகப் போக வேண்டியிருக்கும். அதற்கும் கட்டணம் உண்டு. நாள் வாடகை, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், மீறினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, காலியாகத் திரும்பும் தூரம், அதிவேகப் பாதைக் கட்டணம், சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் சாரதி வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். முதல் நாளே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: மாலை ஆறுக்கு மேல் வண்டி ஓடாது, கடைகளில் நிறுத்த வேண்டாம், களைப்பாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

பல விடுதிகளில் சாரதிக்குத் தனி அறையும் சாப்பாடும் உண்டு. சின்ன விடுதிகளில் இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் அவர் வண்டிக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டு, மறுநாள் காலை உங்கள் குடும்பத்தை இறம்பொடை வளைவுகளில் ஏற்றுவார். உங்கள் பயணம் பத்திரமாக முடிவது அவருடைய தூக்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வோர் அறையையும் பதிவு செய்யும்போதே சாரதிக்குப் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு விடுதியைப் பாருங்கள்.